பிளாஸ்மா கட்டிங் மிஷின் மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட் வேலை, ஷெட் வேலை, டேங்க் வேலை செய்கிற சின்னப் பட்டறைகளில் இன்று ஓடுவது பெரும்பாலும் 40 முதல் 100 ஆம்பியர் வரையிலான ஏர் பிளாஸ்மா இன்வெர்ட்டர் மிஷின்கள்தான். அழுத்திய காற்றை ஆர்க் என்ற மின்பொறியால் சூடாக்கி, டார்ச் என்ற கைப்பிடியின் முனையிலிருந்து வரும் அந்தப் பிழம்பால் உலோகத் தகட்டை வெட்டுபவை இவை. சிலர் கையால் வெட்டுகிறார்கள். சிலர் கம்ப்யூட்டர் சொல்படி டார்ச்சை நகர்த்தும் சின்ன சி.என்.சி. டேபிளில் மாட்டியிருக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் அந்த மிஷின்களுக்கானவை.

"மிஷின் செத்துப்போச்சுண்ணே" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த எத்தனையோ மிஷின்களை நான் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோளாறு பெட்டிக்குள் இருக்காது. காற்றில் இருக்கும், எர்த் கிளாம்பில் இருக்கும், டார்ச் முனையில் இருக்கும், இல்லையென்றால் பிளக்குக்கு வரும் ஒயரில் இருக்கும். பெட்டி கடைசி. பெட்டியைத் திறக்கும் கேள்வியையும் கடைசியில்தான் போட்டிருக்கிறேன்.

ட்ரிகரை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

கண்ணை விட்டுவிட்டுக் காதைத் தீட்டுங்கள். ட்ரிகரை அழுத்தியதும் டார்ச் முனையில் காற்று சீறுகிறதா, இல்லையா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பவர் லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, ஆனால் காற்றும் இல்லை, உள்ளே "டிக்" என்ற சத்தமும் இல்லை என்றால், ட்ரிகர் அழுத்தியது மிஷினுக்குத் தெரியவே இல்லை. டார்ச்சின் கைப்பிடியிலிருந்து மிஷின் வரைக்கும் இரண்டு மெல்லிய ஒயர்கள் ஓடுகின்றன. தினமும் மடங்கி மடங்கி, கைப்பிடிக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியிலோ, மிஷினில் செருகும் சின்ன வட்ட பிளக்கிலோ அவை அறுந்துபோகும். மிஷினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு பின்களிலும் மல்டிமீட்டரை வைத்து ட்ரிகரை அழுத்துங்கள். பீப் வரவில்லையென்றால் ஒயர் அல்லது ஸ்விட்ச். சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

வேறு லைட் ஏதாவது மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரிந்தால் மிஷின் தானாகவே மறுக்கிறது. சூடு அதிகம், காற்றழுத்தம் குறைவு, டார்ச் கேப் சரியாக முறுக்கப்படவில்லை என்பவை வழக்கமான காரணங்கள். கேப் பாதி முறுக்கில் இருந்தால் பல டார்ச்சுகள் வேலை செய்யாது. கரண்ட் ஓடும் முனையைக் கை தொட்டுவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அதை ஒயர் போட்டு பைபாஸ் செய்து வைத்திருக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். ஆர்க் இல்லாதபோது பிளாஸ்மா மிஷினின் வெளியீடு 200, 300 வோல்ட் வரைக்கும் நிற்கும். வெல்டிங் மிஷினைத் தொட்டுப் பழகிய தைரியத்தை இங்கே காட்டாதீர்கள்.

காற்று நன்றாகச் சீறுகிறது, பொறி மட்டும் இல்லை என்றால் டார்ச் முனைதான். மிஷினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரோடு (உள்ளே ஆர்க் பிடிக்கும் செம்பு முனை), ஸ்விர்ல் ரிங் (காற்றைச் சுழற்றி விடும் வளையம்), நாசில் (ஆர்க் வெளியே வரும் துளையுள்ள மூக்கு) மூன்றையும் கழற்றிப் பாருங்கள். ஆர்க் பிறக்க இரண்டு வழிகள் உண்டு. சில மிஷின்களில் ஹை ஃப்ரீக்வன்சி பொறி, எலக்ட்ரோடுக்கும் நாசிலுக்கும் நடுவில் தாவும். மற்றவற்றில் எலக்ட்ரோடும் நாசிலும் தொட்டபடி இருக்கும். காற்று வந்து ஒன்றைப் பின்னுக்குத் தள்ளும்போது நடுவில் பொறி பிறக்கும். இந்த இரண்டாவது வகையில், தள்ளப்படும் பாகம் அழுக்கில் சிக்கிக்கொண்டால் பொறி வரவே வராது. விரலால் அழுத்திப் பாருங்கள், ஸ்பிரிங் போலத் திரும்பி வரவேண்டும். ஸ்விர்ல் ரிங்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஆர்க் தடுமாறும். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பொறி வருகிறது, ஆனால் தகட்டில் ஏறமாட்டேன் என்கிறது. ஏன்?

எர்த் கிளாம்பைப் பாருங்கள். திரும்பவும் பாருங்கள்.

டார்ச் முனையில் முதலில் பிறப்பது பைலட் ஆர்க். அது தகட்டுக்குத் தாவ வேண்டுமென்றால், தகட்டிலிருந்து மிஷினுக்குக் கரண்ட் திரும்பிவர நல்ல பாதை வேண்டும். துருவின் மேலே, பெயின்ட் மேலே, பிரைமர் மேலே கடித்துக்கொண்டிருக்கும் கிளாம்ப் ஒரு அலங்காரம்தான். கிரைண்டரை எடுத்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மினுமினுக்கத் தேய்த்துவிட்டு அங்கே மாட்டுங்கள். டேபிளில் வெட்டுகிறவர்கள் கிளாம்பை டேபிள் கம்பியில் மாட்டிவிடுகிறார்கள். கம்பிகளின் மேல் உருகிய ஸ்லாக் (வெட்டும்போது வழியும் உலோகக் கசடு) படிந்து கல்லாகியிருக்கும். தகடு உண்மையில் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்காது. முடிந்தவரை தகட்டிலேயே மாட்டுங்கள். வெட்டி விழப்போகும் துண்டில் மட்டும் மாட்டாதீர்கள், துண்டு விழுந்ததும் ஆர்க்கும் போய்விடும்.

கொஞ்ச நேரம் வெட்டிவிட்டுக் கிளாம்பின் லக்கை (ஒயர் சேரும் முனை) தொட்டுப் பாருங்கள், ஆர்க் அணைந்த பிறகு. கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் உள்ளே லூஸ் காண்டாக்ட்.

என் 40 ஆம்பியர் மிஷின் பெயின்ட் அடித்த தகட்டை வெட்டவே மாட்டேன் என்கிறது. பக்கத்துப் பட்டறை மிஷின் வெட்டுகிறது.

உங்களுடையது பைலட் ஆர்க் இல்லாத வகையாக இருக்கும். விலை குறைந்த 40 ஆம்பியர் மாடல்களில் பல அப்படித்தான். நாசில் வெறும் இரும்பைத் தொட்டால்தான் ஆர்க் ஏறும். கோளாறு இல்லை, மிஷினின் பிறவிக் குணம். ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெட்டுங்கள். அடுத்த முறை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

எலக்ட்ரோடும் நாசிலும் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. டூப்ளிகேட் சரக்கா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

செம்பு எலக்ட்ரோடின் முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். அது ஹாஃப்னியம் என்ற உலோகம். உருகுநிலை 2,200 டிகிரி செல்சியசுக்கும் மேல். காற்றில் உள்ள ஆக்ஸிஜனைத் தாங்குவதற்காகவே அதை வைக்கிறார்கள். டிக் வெல்டிங்கில் வைக்கும் டங்ஸ்டனை இங்கே வைத்தால் நொடியில் எரிந்துபோகும். ஆர்க் எரியும்போது அந்தப் புள்ளியின் மேல்பரப்பு உருகிய நிலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் அணையும்போதும் அதில் துளி சிதறிப்போகிறது. அதனால் எலக்ட்ரோடின் ஆயுளை மணிக்கணக்கில் மட்டும் பேசிப் பயனில்லை, எத்தனை முறை ஆரம்பித்தீர்கள் என்பதும் கணக்கு. நூறு சின்னத் துளை போட்டவரின் எலக்ட்ரோடு, பத்து மீட்டர் நீள வெட்டு போட்டவருடையதைவிட முந்திப் போகும்.

புள்ளி இருந்த இடம் குழியாகிக்கொண்டே வரும். குழி ஒன்றரை மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றிவிடுங்கள். "இன்னும் எரியுதே" என்று ஓட்டினால் ஹாஃப்னியம் தீர்ந்து ஆர்க் செம்பைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஆர்க்கின் நிறம் பச்சையடிக்கும். பச்சையைப் பார்த்த கணமே ட்ரிகரை விடுங்கள். கொஞ்சம் தாமதித்தால் எலக்ட்ரோடு உருகி டார்ச் தலையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். எலக்ட்ரோடு சில பத்து ரூபாயோடு போகும். டார்ச் அப்படிப் போகாது.

சீக்கிரம் தேய்வதற்குக் காரணங்களில் முதலிடம் ஈரக் காற்றுக்கு. அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது. அடுத்தது, தகட்டைத் துளைக்கும்போது நாசிலை ஒட்டிப் பிடிப்பது. உருகிய இரும்பு வெளியேற வழியில்லாமல் நேரே நாசிலுக்குள் தெறிக்கும். கையால் துளைக்கும்போது டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, தீப்பொறி மறுபக்கம் போக விட்டு, மெல்ல நிமிர்த்துங்கள். டேபிளில் துளைக்கும் உயரம் வெட்டும் உயரத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். மூன்றாவது, வெட்டி முடித்ததும் மெயின் ஸ்விட்சை அணைப்பது. ட்ரிகரை விட்ட பிறகும் சில நொடி காற்று ஓடுகிறதே, அது வீண் இல்லை. பழுக்கக் காய்ந்த முனையை ஆற்றுகிறது. ஓடட்டும். நான்காவது, தகட்டின் விளிம்புக்கு வெளியே போன பிறகும் ட்ரிகரை விடாமல் இழுப்பது. தகடு இல்லாததால் ஆர்க் நீண்டு நீண்டு அறுந்துபோகும். அப்படி அறுந்தால் எலக்ட்ரோடு ஒரு ஸ்டார்ட்டுக்கு இழப்பதைவிட அதிகம் இழக்கும்.

40, 45 ஆம்பியருக்கு மேல் போனால் நாசிலைத் தகட்டில் தேய்த்து இழுக்காதீர்கள், அதற்கென்று ஷீல்டு (நாசிலுக்கு மேல் மாட்டும் காப்பு மூடி) கொடுத்திருந்தாலொழிய. ஆர்க் நாசில் வழியாகத் தகட்டுக்குப் பாய ஆரம்பிக்கும். நாசில் துளை நீள்வட்டமாகிவிடும்.

சரி, டூப்ளிகேட் எப்படித் தெரியும்? நாசில் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை நட்டநடுவில் இல்லாமல் இம்மியளவு விலகியிருந்தால்கூட வெட்டு ஒரு பக்கமாகச் சாயும். மற்றபடி, பி.டி.-31, ஏ.ஜி.-60, பி-80 என்று டார்ச் வகைக்குத் தகுந்தபடி பாகங்கள் மாறும். மறை உட்கார்கிறதே என்று ஒன்றின் நாசிலை இன்னொன்றில் போடக்கூடாது. எலக்ட்ரோடையும் நாசிலையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. தேய்ந்த எலக்ட்ரோடு புது நாசிலையும் கெடுக்கும்.

காற்றில் தண்ணீர் வருகிறது. ஃபில்டர் போட்டும் நிற்கவில்லை. என்ன செய்வது?

நம் ஊர்ப் பட்டறைகளில் பிளாஸ்மாவுக்கு முதல் எதிரி இதுதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும்.

35 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 32 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரசர் அதை 7 பார், அதாவது சுமார் 100 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தும்போது காற்றின் அளவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்தக் காற்று ஆறி மீண்டும் 35 டிகிரிக்கு வரும்போது அதனால் 5 கிராமைத்தான் பிடித்துவைக்க முடியும். மிச்சம் 27 கிராம் தண்ணீராகிறது. ஒரு 40 ஆம்பியர் மிஷின் நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்று குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர வெட்டுக்கு 9 கன மீட்டர். தண்ணீர் கால் லிட்டர்! சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஃபில்டர் ஏன் தோற்கிறது என்று பார்ப்போம். மிஷின் பின்னால் உள்ள கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கம்ப்ரசரிலிருந்து காற்று சூடாக வருகிறது. சூடான காற்றில் தண்ணீர் ஆவியாக இருப்பதால் ஃபில்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும். டார்ச் ஹோஸில் போகப் போக ஆறி, அங்கே துளியாகும். நீங்கள் ஃபில்டரைக் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தால் அது கடமைக்குத் தொங்குகிறது, அவ்வளவுதான்.

ஆகவே காற்றை முதலில் ஆற வைக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து ஜி.ஐ. பைப் ஒன்றைச் சுவரோரமாக எட்டு, பத்து மீட்டர் ஓட்டுங்கள். லேசாகச் சரிவு கொடுங்கள். மிஷினுக்குப் போகும் இணைப்பைப் பைப்பின் அடியிலிருந்து எடுக்காமல் மேலிருந்து வளைத்து எடுங்கள். தண்ணீர் அடியில் ஓடி, கோடியில் உள்ள டிரெயின் வால்வில் சேரட்டும். அதற்கு அப்புறம் ஃபில்டர். இதற்கே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். பி.வி.சி. பைப்பில் மட்டும் செய்யாதீர்கள், அழுத்தத்தில் வெடித்தால் கத்தி மாதிரிச் சிதறும்.

கம்ப்ரசர் டேங்க்கின் அடி டிரெயினைத் தினமும் காலையிலும் மத்தியானமும் திறந்துவிடுங்கள். எழுதி ஒட்டினாலும் யாரும் செய்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு ஆட்டோ டிரெயின் மாட்டிவிட்டால் யாரையும் திட்ட வேண்டாம்.

நாள் முழுக்க சி.என்.சி. ஓட்டுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், ரெஃப்ரிஜரேட்டட் ஏர் டிரையர் வாங்குங்கள். எப்போதாவது வெட்டுகிறவர்களுக்கு சிலிகா ஜெல் டிரையர் போதும். நிறம் மாறிய மணிகளை மாற்றவோ சூடாக்கிக் காயவைக்கவோ வேண்டும். என்னுடைய பட்டறையில் டிரையர் வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு வருடம் யோசித்தேன். அந்த இரண்டு வருடத்தில் வாங்கிய நாசில்களின் பில்லைக் கூட்டிப் பார்க்க இன்றுவரை மனம் வரவில்லை.

சோதிப்பது எளிது. மிஷினில் ஏர் செக் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு, டார்ச்சிலிருந்து வரும் காற்றை ஒரு வெள்ளைத் தாளில் அரை நிமிடம் பிடியுங்கள். ஈரப் புள்ளி வந்தால் தண்ணீர். மஞ்சள் கறை வந்தால் கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது, பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். ஆர்க் படபடவென்று துப்புவது, எலக்ட்ரோடு கறுத்துப்போவது, நாசில் உள்பக்கம் கரி அடைவது எல்லாம் இதன் அறிகுறிகள்.

பிரஷர் கேஜ் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஆர்க் நின்றுவிடுகிறது.

கேஜை எப்போது பார்த்தீர்கள்? காற்று ஓடாதபோது எல்லாக் கேஜும் நல்ல பிள்ளை. ட்ரிகரை அழுத்தி, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல மிஷின்களுக்கு 4.5 முதல் 6 பாருக்குள் எங்கோ வேண்டும். சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும். நிற்கும்போது 6, ஓடும்போது 3 என்றால் வழியில் எங்கோ நெருக்கடி. 6 மி.மீ. ஹோஸ், அடைத்த ஃபில்டர், ஸ்பிரே பெயின்ட்டுக்கு வாங்கிய குட்டி ரெகுலேட்டர் மூன்றும் சந்தேகத்துக்குரியவை.

கம்ப்ரசர் அளவும் பிரச்சினையாகலாம். கம்ப்ரசர் விற்கிறவர்கள் சொல்லும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு) பெரும்பாலும் பிஸ்டன் உறிஞ்சும் அளவு. வெளியே கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷினுக்கு 6 சி.எஃப்.எம். வேண்டுமென்றால் 6 என்று எழுதிய கம்ப்ரசர் போதாது. கூடவே பக்கத்தில் இன்னொருவர் அதே காற்றில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

காற்று சரியென்றால் வேகத்தைப் பாருங்கள். ரொம்ப மெதுவாகப் போனாலும் ஆர்க் நிற்கும். வெட்டு அகலமாகி, ஆர்க் பிடித்துக்கொள்ள இரும்பு எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது.

பகலில் ஒழுங்காக வெட்டுகிறது, சாயங்காலம் ஆனால் சொத சொத என்கிறது. மிஷின் சூடாவதாலா?

வோல்டேஜைப் பாருங்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது, மிஷின் பிளக் இருக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். 230 வரவேண்டிய இடத்தில் 190 வந்தால் மிஷினைக் குறை சொல்ல முடியாது.

வீதியில் குறைவது பாதி, நாமே குறைத்துக்கொள்வது மீதி. 40 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ் மிஷின் முழு லோடில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டால் அந்த ஒயரிலேயே 18 வோல்ட் போய்விடும். 2.5 போட்டாலும் 11 வோல்ட். 4 சதுர மி.மீ. போடுங்கள், நீளத்தைக் குறையுங்கள், சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள். சுருளில் சூடு தங்கி இன்சுலேஷன் உருகும். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் செருகி நாள் முழுக்க வெட்டினால் பிளக் கருகும் வாடை வரும். 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டுங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஓட்டலாம், ஆனால் 5 கே.வி.ஏ.வை வைத்துக்கொண்டு முயற்சி செய்ய வேண்டாம். 40 ஆம்பியருக்கே 10 கே.வி.ஏ. இருந்தால்தான் நிம்மதி.

மஞ்சள் லைட் எரிந்து மிஷின் நின்றுவிடுகிறது. ஆஃப் செய்து ஆன் செய்யலாமா?

கூடாது. ஃபேன் ஓடினால்தான் ஆறும். ஆன் செய்தபடியே விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மிஷின் முகப்பில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் வெட்டலாம், 4 நிமிடம் ஓய்வு என்று பொருள். அதுவும் பொதுவாக 40 டிகிரி சூழலில் அளந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மத்தியானம் 40-ஐத் தாண்டும். அங்கே 60 என்பது 60 இல்லை. மிஷினைச் சுவரை ஒட்டி வைப்பதும், கிரைண்டர் தூள் பறக்கும் பக்கத்தில் வைப்பதும் இன்னும் குறைக்கும்.

வெட்டுக்கு அடியில் ஸ்லாக் ஒட்டிக்கொள்கிறது. வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா?

ஸ்லாக்கிடமே கேளுங்கள். தடிமனாக, நுரை மாதிரி, சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் நீளமாகக் கழன்று விழுந்தால், மெதுவாகப் போகிறீர்கள். மெல்லிசாக, மணி மணியாக, கிரைண்டர் வைத்தால்தான் போகும் என்றால், வேகமாகப் போகிறீர்கள். மேல்பக்கம் தெறித்து ஒட்டியிருந்தால் டார்ச் உயரத்தில் இருக்கிறது, அல்லது நாசில் தேய்ந்துவிட்டது.

கையால் வெட்டுகிறவர்கள் அடியில் விழும் தீப்பொறியைக் கவனிக்கலாம். நேர்க்குத்துக்கு 15, 20 டிகிரி பின்தங்கி விழுந்தால் வேகம் சரி. நேரே கீழே விழுந்தால் இன்னும் வேகமாகப் போகலாம். பொறி மேலே திரும்பி முகத்துக்கு வந்தால் தகடு முழுதாக அறுபடவில்லை. வேகத்தைக் குறையுங்கள் அல்லது ஆம்பியரைக் கூட்டுங்கள்.

வெட்டின் ஒரு பக்கம் நேராக இருக்கிறது, இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கிறது. டார்ச் கோணலா?

கோணலாகவும் இருக்கலாம், மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஆனால் நேராக இருந்தாலும் இப்படித்தான் வரும். ஸ்விர்ல் ரிங் காற்றைச் சுழற்றி விடுகிறது. வழக்கமான ரிங்கில் சுழற்சி கடிகார திசை. அதனால் டார்ச் போகும் திசைக்கு வலப்பக்கம் செங்குத்தாகவும், இடப்பக்கம் சாய்வாகவும் வரும். நமக்கு வேண்டிய துண்டு வலக்கைப் பக்கம் இருக்கும்படி வெட்ட வேண்டும். டேபிளில், துண்டின் வெளிச்சுற்றைக் கடிகார திசையிலும், உள்துளைகளை எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். புரோகிராமில் இதை மாற்றிப் போட்டுவிட்டு மூன்று நாள் டார்ச்சை நிமிர்த்திக்கொண்டிருந்த ஆள் நான்தான்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சாய்ந்து மேல்பக்கம் அகலமாக வெட்டினால் டார்ச் உயரம் அதிகம். கீழ்ப்பக்கம் அகலமானால் தாழ்ந்திருக்கிறது.

பிளாஸ்மாவில் போட்ட துளையில் டேப் (மறை வெட்டும் கருவி) போட்டால் டேப் உடைகிறது. வெல்டிங் வைத்தால் துளைத்துளையாக வருகிறது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உருகிய விளிம்பு அதை உறிஞ்சிக்கொண்டு இறுகிவிடும். மைல்டு ஸ்டீல் விளிம்பு கடினமாவதால் டேப்பும் டிரில்லும் முறிகின்றன. வெல்டிங் வைக்கும்போது அதே நைட்ரஜன் குமிழாகக் கிளம்புகிறது. துருவையும் வெல்டரையும் குறை சொல்லிப் பயனில்லை. விளிம்பை ஒரு சுற்று கிரைண்ட் செய்துவிட்டு வெல்டிங் வையுங்கள். மறை போட வேண்டிய துளையைப் பிளாஸ்மாவில் சின்னதாகப் போட்டு டிரில்லால் பெரிதாக்குவதைவிட, நடுப்புள்ளியை மட்டும் குறித்துவிட்டு முழுதும் டிரில் செய்வது மேல்.

போல்ட் துளை மட்டும் என்றால், தகட்டின் தடிமனைவிடச் சின்ன விட்டத்துக்கு ஆசைப்படாதீர்கள், ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். துளைக்கு வேகத்தை வழக்கத்தில் 60 சதவீதத்துக்குக் குறைத்து, டேபிளில் டார்ச்சைத் தானாக ஏற்றி இறக்கும் உயரக் கட்டுப்பாட்டை அணைத்து வையுங்கள்.

டேபிளில் ஆர்க் பிடித்த நொடியில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது. சில நாள் டார்ச் தானே இறங்கித் தகட்டில் முட்டுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவது ஹை ஃப்ரீக்வன்சி தொல்லை. ஆர்க் பிறக்கும் பொறி ஒரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி எல்லா ஒயரிலும் புகும். டார்ச் கேபிளையும் மோட்டார் சிக்னல் கேபிளையும் ஒரே சங்கிலிப் பாதையில் போடாதீர்கள். சிக்னலுக்கு ஷீல்டு கேபிள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த். டேபிளுக்கென்று தனியாக ஒரு எர்த் ராடு அடித்து, பக்கத்தில் உப்புக் கரி போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். யு.எஸ்.பி. ஒயரில் ஓடும் கன்ட்ரோலர்தான் முதலில் மயங்கும். டேபிளுக்கு மிஷின் வாங்கப்போகிறவர்கள், பொறி தாவாத, காற்றால் பிரியும் வகை டார்ச்சையே வாங்கினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி வராது.

இரண்டாவது எலக்ட்ரோடு தேய்மானம். உயரக் கட்டுப்பாடு தூரத்தை அளப்பதில்லை, ஆர்க் வோல்டேஜை அளக்கிறது. எலக்ட்ரோடில் குழி ஆழமாக ஆழமாக ஆர்க் உள்ளேயே நீண்டு, வோல்டேஜ் கூடும். கன்ட்ரோலர் "டார்ச் மேலே போய்விட்டது" என்று நினைத்துக் கீழே இறக்கும். கடைசியில் முட்டும். புது எலக்ட்ரோடு போட்டுப் பாருங்கள், பாதி நேரம் அதோடு சரியாகிவிடும்.

ஸ்டெயின்லெஸ், அலுமினியம் வெட்டும்போது விளிம்பு கறுக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டர் மாட்டலாமா?

ஆக்ஸிஜனா! ஏர் மிஷினில் மாட்டவே மாட்டாதீர்கள். ஹோஸில் கம்ப்ரசர் ஆயில் படிந்திருக்கும். ஆக்ஸிஜன் பட்டால் தீப்பிடிக்கும். மேனுவல் அனுமதித்தால் நைட்ரஜன் மாட்டலாம், ஸ்டெயின்லெஸ் விளிம்பு தெளிவாக வரும்.

அலுமினியத்தைத் தண்ணீர் டேபிளில் வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உருகிய அலுமினியமும், அடியில் தங்கும் தூளும் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனை விடும். தகட்டுக்கு அடியில் அது தேங்கினால் வெடிக்கும். தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, தூளை அள்ளி, காற்றோட்டம் விட்டு வெட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் புகையும் ஜி.ஐ. புகையும் மூடிய அறைக்கு ஆகாது. வெறும் கண்ணாடி போட்டு வெட்டும் பையன்களுக்கு, 40 ஆம்பியர் வரை 5-ஆம் எண், 60 வரை 6, அதற்கு மேல் 8 என்ற இருட்டுக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

ஸ்விட்ச் போட்ட உடனே எம்.சி.பி. விழுகிறது. நானே திறந்து பார்க்கலாமா?

வெட்டும்போது விழுந்தால் எம்.சி.பி. சின்னது, அல்லது ஒயர் இணைப்பு லூஸ். சி வகை எம்.சி.பி. போட்டுப் பாருங்கள். ட்ரிகரைத் தொடுவதற்கு முன்பே, ஸ்விட்ச் போட்ட நொடியில் விழுந்தால் பெரும்பாலும் உள்ளே ஷார்ட், போர்டில் உள்ள ரெக்டிஃபையர், ஐ.ஜி.பி.டி. என்ற மின்பாகங்களில் ஒன்று போயிருக்கும். திரும்பத் திரும்ப ஸ்விட்ச் போட்டுப் பார்க்காதீர்கள், ஒன்று போனதோடு இன்னும் நான்கு போகும்.

திறப்பது பற்றி: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், திரீ ஃபேஸ் மிஷினில் 500-ஐத் தாண்டும். குறைந்தது ஐந்து நிமிடம் விட்டு, மீட்டரால் அளந்து, இறங்கிவிட்டது என்று பார்த்த பிறகே கை வையுங்கள். அளக்கத் தெரியாதவர் திறக்க வேண்டாம். தெரிந்தவர் மாதம் ஒருமுறை திறந்து, குறைந்த அழுத்தத்தில் காய்ந்த காற்றால் இரும்புத் தூளை ஊதிவிடுங்கள். மழைக்காலத்தில் சூடு தேடி உள்ளே போன பல்லி, போர்டில் குறுக்கே கிடந்து கருகியதை மூன்று மிஷின்களில் எடுத்திருக்கிறேன். பின்பக்கக் காற்றுத் துளைகளுக்குக் கொசுவலை மாதிரி மெல்லிய கம்பி வலை வைத்துக் கட்டியிருக்கிறேன். அந்த வலையை வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன மஞ்சள் லைட் எரியும்.